காதுல ஒண்ணும் விழலையாம்

இங்க வந்து உக்காருங்கக்கா. ஜன்னலோரம் நீங்களே எடுத்துக்கோங்க, எனக்கு எதிர்காத்து பட்டா தலை வலிக்கும். நம்ம வீட்டு ஆம்பளைக ரெண்டு பேரும் முன்னால டிரைவர் பக்கத்துல போய் உக்காந்துட்டாக. காலையில ஒருத்தரை ஒருத்தர் முறைச்சவுக, இப்பப் பாருங்க, ஒரே கடலைப் பொட்டலத்துல கைய விடுறாக. ஆம்பளைக அப்படித்தான் மறந்துருவாக. பொம்பளைக நாமதான் மனசுல வச்சுக்கிட்டே திரிவோம். நான் அப்படியில்ல. பொதுவாச் சொல்றேன்.

அக்கான்னு கூப்பிடுறேன்னு தப்பா நெனைக்காதீக. வயசு ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் இருக்கும், உங்களுக்கு நரை கொஞ்சம் கூட.

மடியில வச்சிருக்கீகளே நீலப் பெட்டி, அதானே மெடலு? ஒரு தடவை தெறங்க பாப்போம். ம். நல்லாத்தான் இருக்கு. கண்ணு வைக்கிறேன்னு நெனைக்க வேணாம். இது ஒரு அரை மணி நேரம் எங்க வீட்டுக்காரவுக கழுத்துல கெடந்தது, அதான் பாத்துக்கிட்டேன்.

நீங்க மக வீட்டுல சாப்பிட்டுட்டு மத்தியானத்துக்கு மேலதான் மைதானத்துக்கு வந்தீகளாம். நடந்தத உங்க தனுஷ்கோடி வாத்தியாரு எப்படிச் சொன்னாரோ தெரியாது. வாத்தியாருக எதையும் சுருக்கிருவாக. நான் உள்ளத உள்ளபடி சொல்லிர்றேன். விருதுநகர் வர இன்னும் நேரம் கெடக்கு. எனக்கு அதிகமாப் பேசுற பழக்கம் கெடையாது. எங்க தெருவுல வந்து கேட்டுப் பாருங்க, சீனியம்மா இருக்கிற எடம் தெரியாதும்பாக.

எங்க வீட்டுக்காரவுக ரேஷன் கடையில எடை போட்டவுக. காலமெல்லாம் நின்ன எடத்துல நின்னு அரிசியும் சீனியும் நிறுத்தவுக. ரிட்டயர் ஆனாக. நின்ன எடத்துல இருந்து உக்காந்த எடத்துக்கு வந்தாக, டி.வி.க்கு முன்னால. சக்கரை ஏறிப்போச்சு. டாக்டரு, "பால்ச்சாமி, தெனம் நடக்கணும், இல்லேன்னா என்னைய அடிக்கடி பாக்கணும்"னாரு. அந்தப் பேரு டாக்டரு சொன்னது, நான் சொல்றதில்ல.

நடக்கப் போன எடத்துலதான் ஜெபசிங்கு புடிச்சுக்கிட்டான். இன்னைக்கு மைதானத்துல மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டுக் கையப் பெசஞ்சுக்கிட்டு நின்னானே, அந்தப் பய. நல்ல பய. வெளையாட்டு மனோதத்துவமோ என்னமோ படிச்சுட்டு, காலையில பள்ளிக்கூட மைதானத்துல வயசானவுகளுக்குப் பயிற்சி குடுக்கிறான். அவன் இவுகளை ஒரு சுத்து பாத்துட்டு, "அய்யா, உங்க இடுப்புக்குள்ள ஒரு சாம்பியன் ஒளிஞ்சிருக்கான்"னான்.

அறுபத்தஞ்சு வருஷத்துல அந்த இடுப்ப யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லக்கா. மனுஷன் மயங்கிட்டாக.

நடைப் போட்டின்னா உங்களுக்குத் தெரியும், உங்க வீட்டுலயும் நடக்குதே. ஓடக் கூடாது. ஒரு காலு தரையில இருந்துக்கிட்டே இருக்கணும், முன்னங்காலு மொழங்கால் மடங்கக் கூடாது, வேகமாவும் போகணும். அப்ப இடுப்பு என்ன செய்யும், அங்கிட்டும் இங்கிட்டும் ஆடத்தான் செய்யும். மொத நாளு இவுக தெருவுல அப்படிப் போனதும் எதுத்த வீட்டு மரியபுஷ்பம் பதறிப்போயி, "அண்ணே, அவசரம்னா எங்க வீட்டுலயே போய்க்கோங்கண்ணே, கூச்சப்படாதீக"ன்னு கொல்லைக் கதவத் தெறந்து விட்டுட்டா. அவ பேரன் வேற வாளியத் தூக்கிக்கிட்டு ஓடி வாரான்.

ஜெபசிங்கு என்ன சொல்லுவான்னா, ஒரு வீரன் உருவாகணும்னா உடம்பு ஒரு பங்கு, மனசு மூணு பங்கு. உடம்புக்குக் கொள்ளு, கீரை, முட்டையில வெள்ளை மட்டும். மஞ்சக்கரு கூடாதாம். அத யாரு கீழ போடுறது? நான் தின்னேன். ரெண்டு மாசத்துல அவுக ஆறு கிலோ எறங்கினாக, நான் அதே ஆறு கிலோ ஏறினேன். வீட்டுல மொத்த எடை மாறல பாருங்க.

மனசுக்குத்தான் கூத்து. கண்ண மூடி உக்காந்து, போட்டியில ஜெயிக்கிற மாதிரி மனசுல படம் பாக்கணுமாம். உக்காந்தாக. நல்லா ஆழமாப் பாக்குறாகன்னு நானும் ஜெபசிங்கும் பேசாம இருந்தோம். கொஞ்ச நேரத்துல கொறட்டை.

அப்புறம் மெடல் வாங்கிப் பழகணும்னான். வாளியக் கவுத்திப் போட்டு அது மேல ஏறி நின்னு கழுத்த நீட்டுவாக. நான் துண்ட மாலையாட்டம் போட்டு விடணும். கை குலுக்கணும். தெனமும் சாயங்காலம் விளக்கேத்தினதும் இதுதான். ஒரு நாளு வாளி ஒடைஞ்சு காலு உள்ள போயிருச்சு. சிரிச்சேன்னு நெனைக்கிறீகளா? இல்லக்கா. அந்த வாளிக்குள்ள நின்னுக்கிட்டும் கழுத்த நீட்டிக்கிட்டேதான் இருந்தாக. அப்பத்தான் எனக்கே ஒறைச்சுச்சு, இந்த மனுஷனுக்கு இது வெளையாட்டு இல்லன்னு. அஞ்சாப்போட பள்ளிக்கூடத்த விட்டவுக. எதுலயும் மொத ஆளா வந்ததே கெடையாது. ரேஷன் கடையில நாளெல்லாம் வரிசையில மொத ஆளு யாரு, மொத ஆளு யாருன்னு கூப்பிட்டவுக, ஒரு தடவ தானும் மொத ஆளா நிக்கணும்னு ஆசைப்பட்டுட்டாக. மதுரையில மொத ஆளா வந்தா நாசிக்ல பெரிய போட்டிக்குப் போகலாம். மொத ஆளு மட்டும்தான். ரெண்டாவது வந்தா வீட்டுக்கு.

அதனால நானும் ஒத்துழைச்சேன். ஜெபசிங்கு என்னையக் கூப்பிட்டு, "அம்மா, வீட்டுல நல்ல சொல்லு மட்டும்தான் அவரு காதுல விழணும். கொறை சொல்லக் கூடாது. 'உங்களால முடியும்'னு தெனம் சொல்லுங்க"ன்னான். நான் என்னைக்குக் கொறை சொன்னேன்? இருந்தாலும் பய ஆசையாச் சொல்றானேன்னு சரின்னுட்டேன். காலையில எந்திரிச்சதும், "உங்களால முடியும்"பேன். "என்னது?"ம்பாக. "எல்லாம் முடியும். அந்தத் தேங்காயத் துருவக் கூட முடியும், செய்ய மாட்டீக"ம்பேன். "அம்மா, பாதியோட நிறுத்தணும்"னான் ஜெபசிங்கு. சரின்னு பாதியோட நிறுத்தினேன். ஒரு மாசம் வாயக் கட்டினேன். எனக்கு வயிறு உப்பி, பச்சத்தண்ணி செமிக்கல.

அவுக என்ன ஆனாகன்னு கேளுங்க. வேகம் கொறைஞ்சு போச்சு! ஒவ்வொரு வாரமும் கொறையுது. கொள்ளு கூட்டிப் பாத்தான், செருப்பு மாத்திப் பாத்தான், மூச்சுப் பயிற்சி வச்சுப் பாத்தான். ஆமை மாதிரி வாராக. வழியில நின்னு நாய்க்குட்டிய எல்லாம் தடவிக் குடுக்கிறாக. ஜெபசிங்கு தலையில கைய வச்சுட்டான்.

அப்பத்தான் எங்க அண்ணன் பேத்திக்குக் காது குத்து வந்துச்சு. பஸ்ஸ விட்டு எறங்கி ஊருக்குள்ள ரெண்டு மைலு நடக்கணும். எப்பவும் போல அவுக முன்னால, நான் தட்டையும் சேலையையும் தூக்கிக்கிட்டுப் பின்னால. உங்க வீட்டுலயும் அப்படித்தானே? ஆம்பளை முன்னால, பொம்பளை பத்தடி பின்னால. கல்யாணமாகி மறுவீடு போனப்பவே அவுக அப்படித்தான் போனாக. நான் பின்னால இருந்து ஒரு வார்த்தை சொன்னா இன்னும் கொஞ்சம் வேகம், ரெண்டு வார்த்தை சொன்னா அதுக்கும் மேல. எனக்கு எதுவும் கையோட சொல்லிர்றது நல்லது. அன்னைக்குப் பாத்து ஒரு மாசத்துப் பாக்கி எல்லாம் நெஞ்சுல நிக்குது. விசேஷ வீட்டுல ஜெபசிங்கு கேக்கவா போறான்? எறங்கின எடத்துல ஆரம்பிச்சேன். ஊருக்குள்ள நுழையும் போது அவுக பந்தலையும் தாண்டிப் போயிட்டாக. ஆளு விட்டுக் கூட்டியாந்தாக.

கையில ஒரு கெடியாரம் கட்டிவிட்டிருந்தான் ஜெபசிங்கு, வேகம், நெஞ்சுத்துடிப்பு எல்லாம் காட்டும். மறுநாளு அதப் பாத்துட்டுப் பய வெளிறிப் போயிட்டான். "அய்யா, நேத்து உங்களுக்கு யாரு பயிற்சி குடுத்தது? எந்த ஊரு கோச்சு?"ங்கிறான். இவுக, "காது குத்துக்குப் போனேன்ப்பா"ங்கிறாக. அவனுக்குப் புரியல. அடுத்த ஞாயித்துக்கெழமை நாங்க காய்கறி மார்க்கெட்டுக்குப் போனப்ப, பய எங்களுக்குத் தெரியாம பின்னாலயே வந்திருக்கான். வாழைத்தாருக்குப் பின்னால இருந்து எட்டிப் பாத்து, என் கால்ல விழாத கொறையா வந்து நின்னான். "அம்மா, உங்ககிட்ட ஒரு சக்தி இருக்கு"ன்னான். எந்தச் சக்தின்னு கேட்டேன். நோட்ட எடுத்து என்னமோ குறிச்சுக்கிட்டான். படிச்ச பிள்ளைக எதையும் வெளங்கச் சொல்றதில்ல.

மொதல்ல என் பேச்ச போன்ல புடிச்சுக் காதுல மாட்டி விட்டான். நடந்தாக. நாலு சுத்துல மனுஷன் கண்ணு சொருகித் தள்ளாட ஆரம்பிச்சுட்டாக. தாலாட்டாட்டம் ஆயிருச்சாம். நேர்ல பின்னால வந்தாத்தான் வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சான். அதுக்கப்புறம் தெனம் காலையில நானும் மைதானம். ரப்பர் செருப்பு, கொண்டை, சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு அவுக பின்னால. ஜெபசிங்கு எனக்குக் கூடப் பாடம் வச்சான். உடம்பு சூடேறுறதுக்கு கேஸ் சிலிண்டர், மோட்டார், தண்ணித் தொட்டி. அது சும்மா லேசான பேச்சு. நடுச் சுத்துல மருமக. கடைசி ரெண்டு சுத்துக்கு அவுக தங்கச்சி, அதாவது என் நாத்தனாரு முத்துராக்கு. அவசரப்பட்டு முத்துராக்க மூணாவது சுத்துலயே எடுத்துட்டேன்னா, "அம்மா, அம்மா, பின்னால தேவைப்படும், பத்திரப்படுத்துங்க"ன்னு கத்துவான்.

முத்துராக்கு என்ன செஞ்சான்னு சொன்னேனா? எங்க மக கல்யாணத்துல அம்புட்டுப் பேரு மத்தியில என் ரசத்த ஒரு வாய் குடிச்சுட்டு, "வெந்நி நல்லா இருக்கு மதினி"ன்னா. அதுக்கு அவுக சிரிச்சாக. நான் எல்லாத்தையும் மறந்துட்டேன். அது கெடக்கட்டும்.

இன்னைக்கு வந்ததும் ஒரு அறிவிப்பு சொன்னாக, போட்டியில இல்லாத ஆளுக கூட வந்து வேகம் ஏத்தக் கூடாது, உதவி பண்ணக் கூடாது, பண்ணினா நடக்கிறவரு பேரு போயிரும்னு. ஜெபசிங்கு மொகம் தொங்கிப் போச்சு. "அம்மா, நீங்க கேலரியில உக்காந்துருங்க. சும்மா அவரு கண்ணுல படுற மாதிரி மட்டும் இருங்க"ன்னான். உக்காந்தேன். எட்டுப் பேரு. எல்லாரும் அரை டவுசரு. அரை டவுசர்ல எல்லாக் கெழவனும் ஒண்ணுபோலத்தான் தெரியிறான்க்கா. உங்க வாத்தியாரு மட்டும் வெள்ளைத் தொப்பி, அதனால தெரிஞ்சுச்சு. அவருதான் முன்னால. நல்ல நடை, பொய் சொல்லக் கூடாது. எங்க வீட்டுக்காரவுக ஏழாவது. எட்டாவது ஆளு மூட்டு வலின்னு உக்காந்துட்டாரு.

எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டு இருப்பேன்? கம்பி வேலிக்கு வெளிய நிழலு இருந்துச்சு. அங்க போயி லேசா நடந்தேன். நடக்கிறது குத்தமா? என் தங்கச்சிக்குப் போன் போட்டேன். அதுவும் குத்தமில்ல. போன்ல சார்ஜ் இல்ல, அதனால அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனா நான் பேசினது அவகிட்டத்தான். சிலிண்டரப் பத்திப் பேசினேன். கொஞ்சம் சத்தமாப் பேசினேன், மைதானம்னா பேச்சு காத்துல போயிரும் பாருங்க. அவுக காலு தரையில பாவல, அந்த மாதிரிப் போறாக! கேக்காதீக, ஒரு காலு பாவிக்கிட்டேதான் இருந்துச்சு, நடுவருகளே பாத்தாக. ஒருத்தரத் தாண்டியாச்சு. தண்ணித் தொட்டி, இன்னொருத்தரு. மருமக, இன்னும் ஒருத்தரு. ஐஸ் விக்கிறவன் வேலியோரம் என் கூடவே வண்டியத் தள்ளிக்கிட்டு வாரான், கதை கேக்க. "அப்புறம் மருமக என்ன சொல்லுச்சு பாட்டி?"ங்கிறான்.

கடைசிச் சுத்து. இன்னும் மூணு பேரு முன்னால, அதுல மொத ஆளு உங்க வாத்தியாரு. முத்துராக்க எடுத்தேன். வெந்நி நல்லா இருக்கு மதினிங்கிற எடத்துக்கு வந்தப்ப அவுக மூணாவது ஆளத் தாண்டிட்டாக. அப்புறம் என்னன்னே தெரியல, "ஏங்க!"ன்னு ஒரு சத்தம் போட்டுட்டேன். அதுக்கு மேல என்ன சொன்னேன்னு இப்பக் கேட்டாலும் எனக்கு ஞாபகம் இல்ல.

பேரு சொல்லிக் கூப்பிட முடியுமாக்கா? உங்களுக்குத் தெரியாதா? நாம எல்லாரும் அவுகவுக வீட்டுல "ஏங்க"ன்னுதானே கூப்பிடுறோம். அம்புட்டுக் கெழவனும் திரும்பிட்டான்! மூட்டு வலின்னு உக்காந்திருந்தவரு எந்திரிச்சு நின்னுட்டாரு. உங்க வாத்தியாரு டக்குன்னு நின்னு, தொப்பியக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு, "மறக்கல, மறக்கல, வாங்கிட்டேன்"ன்னு சொன்னாரு பாருங்க. எனக்கே பாவமாப் போச்சு. வீட்டுல நீங்க ரொம்பப் பேசுவீகளோ? தப்பாக் கேக்கல.

திரும்பாத ஒரே ஆளு எங்க வீட்டுக்காரவுகதான். அவுக என்னைக்குத் திரும்பினாக. போயிட்டாக! மொத ஆளா போயி நின்னுட்டாக!

மேடையில ஏத்தினாக. ஒண்ணுன்னு எழுதின பெட்டி மேல நின்னு கழுத்த நீட்டினாக பாருங்க, வாத்து தண்ணி குடிக்கிற மாதிரி. அழுதுட்டேன்க்கா. மெடலு கழுத்துல கெடந்தது அரை மணி நேரந்தான். அதுக்குள்ள உங்க வாத்தியாரு பெரிய நடுவரம்மாகிட்ட போயி, ஒரு பொம்பளை வேலிக்கு வெளிய கூடவே வந்து வேகம் ஏத்தினா, எங்களை எல்லாம் கூப்பிட்டுக் கலைச்சு விட்டான்னு சொல்லிட்டாரு. தப்பில்ல. அவரு எடத்துல நான் இருந்தா இன்னும் நாலு வார்த்தை சேத்துச் சொல்லியிருப்பேன்.

ஒரு துணிக் கொட்டகை இருந்துச்சுல, அதுக்குள்ள விசாரணை. மொதல்ல என்னையக் கூப்பிட்டாக. நடுவரம்மா கழுத்துல விசிலு, கண்ணாடி, கண்டிப்பான மொகம். யார் கூடப் பேசினீங்கன்னு கேட்டாக. என் தங்கச்சி கூடன்னேன். ஏங்கன்னு யாரக் கூப்பிட்டீங்கன்னாக. ஐஸ்காரனைன்னேன். வெளிய போய் இருங்கன்னாக. அப்புறம் அவுகளை உள்ள கூப்பிட்டாக. நான் கொட்டகைத் துணியோரமா நின்னுக்கிட்டேன். கேக்கணும்னு இல்ல, வெயிலு.

நடுவரம்மா, "பால்ச்சாமி, உங்க மனைவி பேசினது உங்க காதுல விழுந்துச்சா? அத வச்சுத்தான் வேகமா நடந்தீங்களா?"ன்னு கேக்குறாக. இவுக என்ன சொன்னாக தெரியுமா?

"காதுல ஒண்ணும் விழலம்மா. அவ பேசுறது என்னைக்குமே என் காதுல விழுந்ததில்ல"ன்னாக.

ஜெபசிங்கு சொல்லிக் குடுத்ததாம். விழலன்னு சொன்னா ஒதவி இல்லன்னு ஆயிரும், மெடலு நிக்கும்னு. எனக்கு எங்க தெரியும்? நடுவரம்மாவும் சரின்னு, "அப்போ புகார் நிக்காது"ன்னு எழுத ஆரம்பிச்சுட்டாக. ஜெயிச்சாச்சு. நான் பேசாம இருந்திருந்தா இந்தப் பெட்டி இப்ப என் மடியில. ஆனா எப்படிக்கா பேசாம இருக்கிறது? நாப்பத்தொரு வருஷம்! ஒரு நாளு விடாம! காய்ச்சல்ல கெடந்தப்பக் கூட, பல்லு புடுங்கினப்பக் கூட, பஞ்ச வாயில வச்சுக்கிட்டுப் பேசியிருக்கேன். என்னைக்குமே காதுல விழுந்ததில்லையாம். அப்ப நான் யார்கிட்டப் பேசினேன்? செவுத்துக்கிட்டயா? ரோட்டுக்கிட்டயா?

துணியத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டேன். "எழுதாதீக! மெடல கழட்டுங்க! அம்புட்டும் இவுககிட்டத்தான் பேசினேன். தங்கச்சியும் இல்ல, ஐஸ்காரனும் இல்ல. போன்ல சார்ஜே இல்ல!"ன்னேன். ஜெபசிங்கு ஓடியாந்து என் கைய இழுக்கிறான். நடுவரம்மா பேனாவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, "அம்மா, நீங்க பேசியிருக்கலாம். அவரு கேக்கலன்னு சொல்றாரே. கேட்டாருன்னு எப்படித் தெரியும்?"ங்கிறாக.

நெசத்தச் சொல்லணும்னா, கேட்டாகளா இல்லையான்னு எனக்கே தெரியாதே. அவுக முதுகத்தானே பாத்திருக்கேன்.

அவுக என்னையப் பாத்தாக. கழுத்துல மெடலு. ஜெபசிங்கு நடுவரம்மாவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, வேணாம் வேணாம்னு ரெண்டு கையையும் ஆட்டுறான். அவுக மெடல ஒரு தடவ தடவிப் பாத்தாக. நல்லா மெதுவா. அப்புறம், "எழுதிக்கோங்கம்மா"ன்னாக.

"மொதல்ல சிலிண்டர் தீந்துபோச்சு, மூணு தடவ சொல்லியும் புக் பண்ணலன்னு சொன்னா. வளைவுல, மோட்டாரப் போட்டுட்டு மறந்துட்டீக, மாடியெல்லாம் தண்ணி ஓடுச்சுன்னா. அடுத்து மருமக கொத்தமல்லித் தண்டக் குப்பையில போட்டுட்டா, நீங்க பாத்துக்கிட்டே இருந்தீகன்னா. கொடிக்கம்பத்துக்கிட்ட வந்தப்ப, மருமக நல்ல பிள்ளைதான், தண்டு விஷயத்துல மட்டும்தான்னா."

ஒண்ணு விடல. ஒரு சொல்லு பிசகல. நான் எங்க மூச்சு விட்டேன், எங்க இருமினேன்கிறது வரைக்கும். முத்துராக்கு வந்தப்ப என் கொரலுலயே இழுத்துச் சொல்றாக. நடுவரம்மா எழுதுறத விட்டுட்டுக் கண்ணாடியக் கழட்டி வச்சுட்டுக் கேக்குறாக.

"கடைசியில ஏங்கன்னா. 'ஏங்க, மூஞ்சி செவந்துபோச்சு. மெடலும் வேணாம் மண்ணும் வேணாம், நில்லுங்க. நீங்க விழுந்துட்டா அப்புறம் நான் யார் கூடப் பேசுறது'ன்னா. அம்புட்டுத்தான்மா."

நான் அப்படிச் சொன்னேனாக்கா? சொல்லியிருப்பேன். அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்.

நடுவரம்மா, "நில்லுன்னுதானே சொல்லியிருக்காங்க? அப்புறம் ஏன் நிக்கல?"ன்னு கேட்டாக.

"பழக்கமில்லம்மா"ன்னுட்டாக.

அந்தம்மா துண்ட எடுத்து வாயப் பொத்திக்கிட்டுக் கொஞ்ச நேரம் குனிஞ்சுக்கிட்டாக. அப்புறம், சட்டம் சட்டம்தான், கூட வந்த பேச்சக் கேட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டாருன்னு சொல்லி மெடல வாங்கி உங்க வாத்தியாருகிட்டக் குடுத்துட்டாக. ஜெபசிங்கு வெளிய போயி வேலியப் புடிச்சுக்கிட்டு நின்னான். நாசிக்குக்கு உங்க வாத்தியாருதான் போறாரு. நல்லபடியாப் போயிட்டு வரட்டும். அங்க குளுரும், மப்ளர் குடுத்து விடுங்க.

வெளிய வந்ததும் நான் கேட்டேன். "ஏங்க, விழலன்னே இருந்திருக்கலாமே. நானாத்தான் கோவத்துல உள்ள வந்துட்டேன். நீங்க எதுக்கு ஒப்பிச்சீக? கையில இருந்த தங்கம் போச்சே"ன்னேன்.

அதுக்கு அவுக சொன்னாக, "காதுல விழலன்னு நான் சொன்னது உன் காதுல விழுந்துருச்சே. அதுக்கப்புறம் அந்தத் தங்கத்தோட நான் எந்த வீட்டுக்குப் போறது?"ன்னு.

பாத்தீகளா, எம்புட்டுப் பாசம்னு. நான் மனசு வருத்தப்பட்டு வீட்டுல இருந்தா அவுகளுக்குத் தாங்காது.

ஏங்க்கா சிரிக்கிறீக? பெட்டி கீழ விழுந்துறப் போகுது, புடிங்க.